நாட்டுக்கொரு சுவை, நாட்டுக்கொரு மதுவா?

ஒரு பண்டத்தைத் தன் மனத்திற்கு உகந்தவாறு ஆக்குவதா, வாங்குவோர் நாவிற்கு இசைந்தவாறு ஆக்குவதா என்னும் வினா மிகப் பழையது. பல நாடுகளுக்குச் சரக்கனுப்பும் திராட்சை மதுத் தொழிலில் இவ்வினா தனிக் கூர்மை பெறுகின்றது. மது அருந்துதல் நன்றா தீதா என்னும் விவாதத்தில் நாம் இங்குப் புகவில்லை. அத்தொழிலின் நெறி யாது என்பதையே ஆராய்வோம்.

மதுவின் இயல்பிற் பெரும்பகுதி நிலமும் வானமும் தருவது. திராட்சையிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் ஆல்கஹாலாக மாற்றுகின்றது. குளிர்ந்த நாட்டுப் பழத்திற் புளிப்பு மிகும். வெப்ப நாட்டுப் பழத்தில் இனிப்பு மிகும். ஆகவே ஆக்குவோன் கையில் எஞ்சி நிற்கும் உரிமை சிறிதே.

அச்சிறிய உரிமைக்கு ஷாம்பேன் நல்ல சான்று. வட பிரான்சில் ரீம்ஸ், எப்பர்னே ஆகிய நகரங்களைச் சூழ்ந்த பகுதியில் இது ஆக்கப்படுகின்றது. மதுவைப் புட்டியிலேயே இரண்டாம் முறை நொதிக்கச் செய்வர். பின்னர் ஈஸ்ட் வண்டலை வெளியேற்றி, குறைந்த அளவை நிரப்பச் சர்க்கரை கலந்த மதுவைச் சிறிது சேர்ப்பர். இனிப்பு எவ்வளவு என்பது இவ்விறுதிக் கட்டத்தில் முடிவாவதால், ஒரே மதுவை வெவ்வேறு நாட்டிற்கு வெவ்வேறு இனிப்புடன் அனுப்புதல் எளிதாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ருஷியாவுக்குச் சென்ற ஷாம்பேனில் லிட்டருக்கு 250 கிராமுக்கு மேற்பட்ட சர்க்கரை இருந்ததுண்டு. இங்கிலாந்துக்குச் சென்றதிலோ ஏறக்குறைய 22 முதல் 66 கிராம் வரையே இருந்தது. உணவின் இறுதியில் அருந்த இனிய போர்ட், ஷெர்ரி மதுக்கள் ஆங்கிலேயரிடம் முன்னரே இருந்தன. உணவோடு அருந்த இனிப்புக் குறைந்ததையே அவர்கள் நாடினர். அவர்களை எண்ணிப் பொம்மெரி அம்மையார் 1874ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து இனிப்பு மிகக் குறைந்த ஷாம்பேனை ஆக்கினார். சர்க்கரை மிகுந்தால் மதுவின் குறை மறையும். குறைந்தால் பழம் நன்கு முதிர்ந்திருத்தல் வேண்டும். அயல்நாட்டார் சுவை ஆக்குவோனுக்கு ஆசானாகவும் அமையலாம் என்பது இதனாற் புலனாகும்.

ஆயினும் ஒரு நாட்டின் சுவையையே முழுதும் நம்பி நிற்றல் இடர் தரும். ரோடரர் நிறுவனம் ருஷியச் சந்தையைப் பெரிதும் நம்பியிருந்தது. 1876இல் இரண்டாம் அலெக்சாந்தர் ஜாருக்கெனத் தெளிந்த கண்ணாடிப் புட்டியில் ‘கிறிஸ்டல்’ என்னும் இனிய ஷாம்பேனைப் படைத்தது. 1917ஆம் ஆண்டுப் புரட்சியால் அச்சந்தை அழிந்தது. இன்று அதே பெயரில் விற்பனையாவது இனிப்புக் குறைந்த மதுவாகும்.

இதனினும் கொடிய இடர் பொய்யினால் விளைவது. மேற்கு ஜெர்மனியில் மலிவான இனிப்பு மதுவுக்குப் பெருந்தேவை இருந்தது. முதிர்ந்த பழத்தால் வரவேண்டிய இனிமையையும் செறிவையும் போலியாகக் காட்ட, ஆஸ்திரிய வணிகர் சிலர் டைஎதிலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருளைக் கலந்தனர். 1985இல் இது வெளிப்பட்டதும் பல நாடுகள் ஆஸ்திரிய மதுவைத் தடுத்தன. ஏற்றுமதி ஏறத்தாழப் பத்திலொரு பங்காகச் சுருங்கியது. குற்றமற்ற உழவரும் உடன் துன்புற்றனர். அவ்வாண்டே கடுமையான சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் அந்நாடு இழந்த நற்பெயரை மீட்டது, ‘குரூனர் வெல்ட்லினர்’ முதலிய தன் மண்ணுக்குரிய திராட்சை வகைகளின் இனிப்பற்ற மதுக்களாலேயே ஆகும்.

ஆகவே நாம் கொள்ளத்தக்க முடிவு இதுவாகும். இறுதிக் கட்டத்தில் இனிப்பைக் கூட்டுதலும் குறைத்தலும் குற்றமன்று. அதனை வாங்குவோர் அறியுமாறு உரைத்தல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவாகச் சர்க்கரையுள்ள ஷாம்பேனே ‘புரூட்’ எனப் பெயர் பெறும். 50 கிராமுக்கு மேற்பட்டது ‘டூ’ எனப்படும். இவ்வாறு பெயர் பொறித்து விற்குமிடத்து வாங்குவோர் தம் சுவையைத் தாமே தெரிந்துகொள்ளலாம். பழத்தில் இல்லாததை இருப்பதாகக் காட்டுதலோ எந்நாட்டார் விருப்பத்தின் பெயராலும் தகாது.