வானிலே ஒன்றேகால் மணி! தரையிலே?

மதுரை விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு வான்வழியே ஏறத்தாழ 420 கிலோமீட்டர். ஒன்றேகால் மணியிலே போய் இறங்கலாம்! வசதியுள்ளோர் பறக்கட்டும், தோழர்களே, நமக்குப் பொறாமையில்லை. (பட்டாசை விமானத்தில் ஏற்றக்கூடாதென்பது சட்டம், பட்டாசு செய்தவனுக்கோ டிக்கெட்டுக்குக் காசில்லை!)

நம் கணக்கு வேறு. சிவகாசியிலிருந்து மதுரைக்குச் சாலைவழி 70 கிலோமீட்டருக்கு மேல். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி ஆலை வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனரே, அன்று வெந்த உடலோடு மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனவர்கள் கடந்த தூரம் அது. அதற்கும் ஒன்றேகால், ஒன்றரை மணி!

2022-ல் விருதுநகரிலே அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. தூரம் பாதிக்கும் கீழே குறைந்தது, மகிழ்ச்சி. அடுத்த கூட்டத்துக்கு வருகிறவரிடம் கேளுங்கள்: நள்ளிரவில் தீக்காயத்தோடு போனால், அங்கே அதற்கான மருத்துவர் இருப்பாரா?