வெளியே நிற்கும் தேக்கு அடியில் மட்டும் ஏன் உளுக்கிறது?

வெயிலிலும் மழையிலும் நிற்கும் தேக்குத் தூண் ஓரிரு ஆண்டில் சாம்பல் நிறமாகிவிடும். "மரம் போச்சே" என்று பதற வேண்டியதில்லை. சூரியனின் புற ஊதாக் கதிர், மர நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. மழை அதைக் கழுவிவிடுகிறது. ஆனால் அந்தக் கதிர் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழம்கூடப் போவதில்லை. இழைப்புளியால் மேலாக ஒரு சீவு சீவினால் பழைய பொன்பழுப்பு தெரியும். பலமும் அப்படியே இருக்கும்.

பலத்தைத் தின்பது ஈரம். நனைந்து உப்பி, காய்ந்து சுருங்கி, மரம் வெடிக்கிறது. வெடிப்பில் தண்ணீர் தங்கி ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை பிடிக்கும் ஆபத்து வந்துவிடும். தரைமட்டத்தில் ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைப்பதால் அங்கேதான் முதலில் உளுப்பு. எடை சிறிதளவே குறைந்திருக்கும்போதே மோதலைத் தாங்கும் வலு பெருமளவு போயிருக்கும்.

தோட்டத் தேக்கில் வயதுதான் முக்கியம். வைரத்தில், அதாவது மரத்தின் உட்கட்டையில், ஊறியிருக்கும் டெக்டோகுவினோன் போன்ற பொருள்களே கரையானைத் தடுக்கின்றன; அதைச் சூழ்ந்த வெளிக்கட்டையான வெளிறுக்கு அந்தக் காப்பு இல்லை. கேரளத்தின் நிலம்பூரில் 1840களில் நட்ட தோட்டத்தில் எஞ்சி நிற்பவை நன்கு வைரம் பாய்ந்தவை. 15, 20 ஆண்டில் வெட்டும் மரத்திலோ வெளிறின் பங்கு அதிகம்.

வாங்கும்போது வெட்டுமுகத்தைப் பாருங்கள். ஓரத்து வெளுப்பு வளையம் அகலமாக இருந்தால் அதை வெளிவேலைக்குப் போடாதீர்கள். தூணை மண்ணில் புதைக்காமல் கல்லின் மேல் நிறுத்துங்கள்.