அண்டை அயல் – 9: இரண்டு ஏரிக்கரைகள்

பொன்னேரியிலிருந்து கிழக்கே போகும் சாலை பழவேற்காட்டில் முடிகிறது. அங்குள்ள மகிமை மாதா ஆலயத்தின் வரலாறு 1515-ல் தொடங்குகிறது. பள்ளிவாசல் தெருக்களில் வாழும் முஸ்லிம் குடும்பங்களுக்கு அதைவிடப் பழைய கடல் வரலாறு உண்டு. இவர்களுடைய முன்னோர் இங்கு நெய்த துணியைக் கப்பலேற்றி மலாக்கா வரை வியாபாரம் செய்தவர்கள். 1511-ல் போர்ச்சுக்கீசியர் மலாக்காவைப் பிடித்ததும் அந்த வியாபாரத்தில் மண் விழுந்தது. ஒரே ஊரில் குடியிருந்த முஸ்லிம்களும் போர்ச்சுக்கீசியரும் கடலில் போட்டியாளர்கள் ஆனார்கள்.

ஆனால் இங்கே கோட்டை எழக் காரணமான சண்டை அவர்களுக்குள் நடந்ததல்ல. 1610-ல் டச்சுக்காரர்கள் வந்து பண்டகசாலை போட்டார்கள். 1612-ல் போர்ச்சுக்கீசியர் அதைத் தாக்கினார்கள். அதன் பிறகுதான், 1613-ல், கெல்ட்ரியா கோட்டை வந்தது. தாக்கியவரும் கிறிஸ்தவர், தாக்கப்பட்டவரும் கிறிஸ்தவர். பழவேற்காட்டின் கதையை மதங்களின் மோதலாகச் சொல்ல வருகிறவர்களிடம் நான் முதலில் எடுத்து வைப்பது இந்த ஆண்டுகளைத்தான்.

இன்று கோட்டை புதர் மண்டிக் கிடக்கிறது. ஊர் ஏரியை நம்பிப் பிழைக்கிறது. ஏரியில் வலைபோடும் இடத்தைக் குப்பங்கள் முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் வழக்கத்துக்குப் ‘பாடு’ என்று பெயர். இன்னாருக்கு இன்ன நாள், இன்ன இடம் என்று ஊர் கூடி முடிவு செய்கிறது. முஸ்லிம் பெண்கள் பலர் பனையோலை முடைகிறார்கள். குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கை உருவி, ஒரே அகலத்துக்குக் கிழித்து, சாயத்தில் முக்கி, மறுபடி உலர்த்தி எடுத்தால்தான் ஒரு பெட்டிக்கு ஓலை தயார். விரல்கள் பின்னிக்கொண்டே இருக்க, வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டே இருக்கும். யார் வீட்டில் நிச்சயதார்த்தம், யார் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள் என்பதெல்லாம் மதம் பாராமல் எல்லாத் தெருவுக்கும் தெரிந்திருக்கிற ஊர் இது. இந்தத் தெரிந்திருத்தலைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். இது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கடலுக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர் இருக்கிறது.

நீர்கொழும்பு. பழவேற்காட்டின் கூடப்பிறந்த ஊர் போலவே இருக்கும். அங்கேயும் கடலோரக் களப்பு, டச்சுக் கோட்டை, கத்தோலிக்க மீனவர்கள், பக்கத்தில் முஸ்லிம் குடியிருப்புகள். இலங்கையில் இந்த இரு சமூகங்களும் அடுத்தடுத்து அடி வாங்கியவை. 1626-ல் போர்ச்சுக்கீசியர் தங்கள் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை விரட்டினார்கள்; கண்டி அரசன் செனரத் அவர்களைக் கிழக்குக் கரையில் குடியமர்த்தினான். பிறகு டச்சுக்காரர்கள் வந்து கத்தோலிக்கக் குருக்களுக்கு அடைக்கலம் கொடுப்பதையே மரண தண்டனைக்குரிய குற்றமாக்கினார்கள். விரட்டப்படுவதன் வலி இரு வீட்டுக்கும் தெரியும்.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையின் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 260-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நீர்கொழும்பை அடுத்த கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்தில் மட்டும் நூற்றுக்கும் மேல். குண்டு வைத்தவர்கள் முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள். அந்த நேரத்தில் கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித், முஸ்லிம்கள் மேல் கை வைக்காதீர்கள் என்று தம் மக்களைக் கேட்டுக்கொண்டார். தம் பிள்ளைகளைப் புதைத்துக்கொண்டிருந்த மக்களிடம் அதைச் சொல்வதற்கு எவ்வளவு உறுதி வேண்டும்! மே 5-ல் நீர்கொழும்பில் கைகலப்பு மூண்டபோது மறுபடியும் அமைதி கேட்டார். மதுக்கடைகளை மூடுங்கள் என்றும் சொன்னார். அந்த இரண்டாவது கோரிக்கையைச் செய்தவர் தம் ஊரை நன்றாக அறிந்தவர்.

அவர் குரல் எல்லா இடத்துக்கும் எட்டவில்லை. மே 12-ல் சிலாபத்தில் ஒருவர் எழுதிய ஃபேஸ்புக் வரி மிரட்டலாக எடுத்துக்கொள்ளப்பட்டு, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மறுநாள் கலவரம் வடமேல் மாகாணத்தில் பரவியது. நீர்கொழும்பிலோ, பாகிஸ்தானில் மதத்தின் பெயரால் துன்புறுத்தப்பட்டு அடைக்கலம் தேடி வந்த அகதிகளை வாடகை வீடுகளிலிருந்து வெளியேற்றினார்கள். பெரும்பாலோர் அகமதிய முஸ்லிம்கள், அவர்களோடு பாகிஸ்தான் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். ஈஸ்டருக்கு நியாயம் கேட்டுப் புறப்பட்ட கோபம் கிறிஸ்தவக் குடும்பங்களையும் தெருவில் நிறுத்தியது. அந்த அகதிகளைப் பெயர் சொல்லி அறிந்தவர்கள் அங்கே அதிகம் இல்லை.

அதே ஆண்டு பிப்ரவரி 4-ல்தான் போப் பிரான்சிஸும் அல் அஸ்ஹரின் தலைமை இமாம் அகமது அல் தய்யிபும் அபுதாபியில் மனித சகோதரத்துவ ஆவணத்தில் கையெழுத்திட்டார்கள். நான் பெரிதும் மதிக்கும் ஆவணம் அது. ஆனால் அதைச் சிலாபத்துக் கடைத்தெரு வரை கொண்டுவந்து சேர்க்க உள்ளூரில் ஆள் வேண்டும்.

இதையெல்லாம் திருவள்ளூர் மாவட்டத்தில் உட்கார்ந்து ஏன் எழுதுகிறேன்? கும்மிடிப்பூண்டியில் பெரியதோர் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அந்த ஈஸ்டர் செய்தி அங்கே உறவினர் வீட்டுச் செய்தி. ஆனால் எனக்கு அதைவிடக் கவலை தருவது சிப்காட்டைச் சுற்றியுள்ள தகரக் கொட்டகைகளும் மாடி அறைகளும். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த கிறிஸ்தவ இளைஞர்களும், பிகாரிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வந்த முஸ்லிம் இளைஞர்களும் இரும்பு உருக்காலைகளிலும் பிற ஆலைகளிலும் ஷிப்ட் மாற்றி வேலை பார்க்கிறார்கள். பழவேற்காட்டுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்த பழக்கம் இவர்களுக்கு இல்லை. அறைக்கூட்டாளி நாளை வேறு ஊருக்குப் போய்விடுவான். ஊரோடு அவர்களுக்கு இருக்கும் ஒரே தொடர்பு கையிலுள்ள போன்.

அந்த போன் என்ன செய்யும் என்று 2023 மார்ச்சில் பார்த்தோம். தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின. பிகார் அரசு விசாரிக்க ஒரு குழுவையே அனுப்பியது. நம் காவல்துறை இந்தியில் பேசி வீடியோ வெளியிட வேண்டியதாயிற்று. அந்தப் பொய் மாநிலத்தைச் சொல்லி வந்தது. அடுத்தது மதத்தைச் சொல்லி வந்தால், நள்ளிரவு ஷிப்ட் முடிந்து அறைக்கு வரும் பையன் யாரைக் கூப்பிட்டு ‘இது நிஜமா?’ என்று கேட்பான்?

அமைதிக் குழு என்ற ஒன்றை நம் ஊர்களில் கல் விழுந்த பிறகுதான் கூட்டுகிறார்கள். கும்மிடிப்பூண்டியில் அதற்கு முன்பே செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. பங்குத்தந்தையும் ஜமாஅத் தலைவரும் மாதம் ஒருமுறை, தொழிலாளர்களைக் கொண்டுவரும் ஒப்பந்ததாரர்களோடு உட்கார வேண்டும். அறைக்கு ஒருவராவது இவர்கள் இருவரின் எண்ணையும் வைத்திருக்க வேண்டும். இந்தியும் வங்காளமும் ஒடியாவும் தெரிந்த இரண்டு மூன்று பேர் எந்த நேரமும் போனை எடுக்கத் தயாராக இருக்க வேண்டும். ஆலை நிர்வாகங்கள் இதற்கு ஓர் அறையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கொடுத்தால் போதும். அடுத்த ரமலானுக்கு முன்பே தொடங்கிவிடலாம்.

(தொடரும்)