சர்வீஸ் கடையில் விட்டுவந்த கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குப் போனால் பின்பக்க அலமாரியைக் கொஞ்சம் கவனியுங்கள். ரிப்பேர் முடிந்து, பெயர்ச் சீட்டு ஒட்டி, தூசி படிந்த சி.பி.யூ.க்களும் லேப்டாப்களும் இருக்கும். கொடுத்தவர்கள் திரும்பி வரவில்லை.

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் இருப்பவர், பெரிய ரிப்பேர் என்றால் போளூருக்கோ திருப்பத்தூருக்கோ இறங்க வேண்டும். கொடுக்க ஒரு பயணம், வாங்க ஒரு பயணம். 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டால் மாதங்கள் ஓடிவிடும். அந்தக் கம்ப்யூட்டரின் கதி என்ன?

கடைக்காரர் விற்கலாமா?

ரிப்பேருக்குக் கொடுத்தாலும் பொருள் உங்களுடையதுதான். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 151-வது பிரிவு, பொறுப்பான ஒருவர் தன் பொருளைக் காப்பது போல அதைக் காக்க வேண்டும் என்கிறது. 170-வது பிரிவின்படி, கூலி தரும்வரை அவர் பொருளைத் தராமல் நிறுத்தி வைக்கலாம். ஆனால் விற்றுக் கூலியை எடுத்துக்கொள்ளும் உரிமையை அந்தப் பிரிவு தரவில்லை.

இங்கிலாந்தில் 1977-ல் வந்த சட்டம், முறையாக நோட்டீஸ் கொடுத்து விற்கவும், பாக்கி போக மீதியை உரிமையாளருக்குத் தரவும் வழி செய்கிறது. நம் 170-வது பிரிவில் அது இல்லாததால் கடைக்காரருக்கும் கஷ்டம்தான். பார்ட்ஸுக்குப் போட்ட பணம் முடங்கும், இடமும் அடைபடும்.

அலமாரியில் என்ன நடக்கிறது?

ரிப்பேர் செய்த கம்ப்யூட்டர் அப்படியே இருக்காது. லேப்டாப்பின் லித்தியம் அயான் பேட்டரி சும்மா இருந்தாலும் சார்ஜை இழக்கும். அடியோடு இறங்கிவிட்டால் மறுபடி சார்ஜ் ஏறாமலே போகலாம். மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 பேட்டரி தீர்ந்தால் தேதி மாறிவிடும். இதனால் பல இணைய தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும். எஸ்.எஸ்.டி. டிரைவ் மின்சாரமே இல்லாமல் காலவரையின்றி டேட்டாவைக் காக்கும் என்றும் நம்ப வேண்டாம். தன் ஆயுள் அளவுக்கு எழுதித் தீர்ந்த டிரைவுக்கு, 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு என்பதே தர நிர்ணய அளவு.

உண்மையான ஆபத்து எது?

கல்லூரி உதவித்தொகைக்காக ஸ்கேன் செய்த சாதிச் சான்றிதழ், ஆதார், பாஸ்புக் பக்கம், குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கும். சட்டப்படி பொருள் உங்களுடையது என்பதால் டேட்டா பத்திரம் என்று ஆகிவிடாது. ஹார்ட் டிஸ்க்கில் பைலை டெலீட் செய்தாலும், குயிக் பார்மட் செய்தாலும், அதன் மேல் வேறு டேட்டா எழுதப்படும்வரை மீட்டெடுக்க முடியும். அலமாரியிலிருந்து அது யார் கைக்குப் போனாலும் இதே நிலைதான்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. கம்ப்யூட்டர் இயங்கினால், கொடுக்கும் முன் முக்கிய பைல்களை பென் டிரைவில் காப்பி செய்து, இமெயில் போன்றவற்றிலிருந்து வெளியேறுங்கள்.

2. ரிப்பேருக்கு டிஸ்க் தேவையில்லை என்றால் கழற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்க் மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள்.

3. ரசீதில் சீரியல் நம்பர், கூலி மதிப்பீடு, தரும் தேதி மூன்றும் இருக்கட்டும். 'இத்தனை நாளில் எடுக்காவிட்டால் பொறுப்பல்ல' என்ற வரி இருந்தால், கொடுக்கும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

4. சிக்னல் கிடைக்காத ஊர் என்றால் இரண்டாவது போன் நம்பரும் கொடுங்கள். வேலை முடிந்ததைக் கடைக்காரர் சொல்ல முடியாமல் போவதும் பொருள் தேங்க ஒரு காரணம்.

5. நேரில் வர முடியாவிட்டால், யார் வந்து வாங்குவார் என்பதை எழுதியோ மெசேஜிலோ தெரிவியுங்கள்.

ஏற்கெனவே விட்டுவிட்டவர்கள் முதலில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். செல்போனில் கூகுள் அக்கவுண்ட்டின் 'செக்யூரிட்டி' பகுதிக்குப் போய், 'யுவர் டிவைசஸ்' பட்டியலில் அந்தக் கம்ப்யூட்டரை சைன் அவுட் செய்யுங்கள். பிறகு கடைக்குப் போன் செய்யுங்கள். கூலி அதிகமாகத் தெரிந்தால் பேசிப் பாருங்கள். தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ரிப்பேர் வேண்டாம் என்று முடிவு செய்தாலும் டிஸ்க்கை மட்டுமாவது வாங்கி வந்துவிடுங்கள். புது கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கும். உங்கள் படங்கள் கிடைக்காது.