குதிரை லத்தியும் குழியாடியும்

இங்கிலாந்தில் பாத் என்று ஓர் ஊர். 1781-ஆம் ஆண்டு அந்த ஊரில் ஒரு வீட்டில் குதிரை லத்தியை உரலில் போட்டு இடித்துக்கொண்டிருந்தார்கள். இடித்ததைச் சல்லடையில் சலித்து, சலிக்காமல் தங்கியதை மறுபடி உரலில் போட்டு இடித்தார்கள். கொஞ்சநஞ்சமல்ல, குவியல் குவியலாக. கரோலின் ஹெர்ஷல் என்ற பெண்மணிக்கு இந்த வேலையிலேயே பல மணி நேரம் போனது. அவருடைய அண்ணன் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கிக்காக 3 அடி அகலத்தில் ஒரு குழியாடி வார்க்கப் போகிறார். உருக்கிய உலோகத்தை ஊற்றுவதற்கான அச்சு செய்ய லத்திதான் வேண்டும்.

அண்ணனுக்குத் தொழில் இசை. தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பார், பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். பெரிய ஆடிகளை விலை கொடுத்து வாங்கக் கட்டுப்படியாகாது என்று தானே தேய்த்துச் செய்யத் தொடங்கியவர். அதே ஆண்டு மார்ச் 13 அன்று, தன் வீட்டுத் தோட்டத்தில் நின்றுகொண்டு, தன் கையால் செய்த 6.2 அங்குல ஆடியின் உதவியால் யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்திருந்தார். அதோடு திருப்தியடைந்தாரா? இல்லை. இன்னும் பெரிதாக வேண்டும் என்று வீட்டின் கீழ்த்தளத்தையே உலைக்களமாக மாற்றிவிட்டார்.

முதலில் வார்த்த ஆடி ஆறும்போதே விரிசல் விட்டது. அடுத்த முறை உலையே ஒழுகியது. உருகிய உலோகம் கல் பாவிய தரையில் ஓட, சூடு தாங்காத கற்கள் வெடித்துக் கூரை வரை பறந்தன. வில்லியம், அவர் தம்பி, வேலையாட்கள் எல்லாரும் ஆளுக்கொரு வாசல் வழியாக ஓட்டம் பிடித்தார்கள்.

அந்தக் காலத்துத் தொலைநோக்கி ஆடி கண்ணாடியால் ஆனதில்லை. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். பளபளவென்று தேய்த்து வைத்தாலும் ஈரக் காற்று பட்டுச் சில மாதங்களில் மங்கிவிடும். மறுபடி மெருகேற்ற வேண்டும். மெருகேற்றும்போது ஆடியின் குழிவு துளி மாறினாலும் பிம்பம் கெட்டுவிடும் என்பதால் அது கிட்டத்தட்டப் புது ஆடி செய்வதற்குச் சமமான வேலை. ஹெர்ஷல் பின்னாளில் கட்டிய 40 அடி நீளத் தொலைநோக்கிக்கு இரண்டு ஆடிகள் வைத்திருந்தார். ஒன்று மெருகுக்குப் போனால் மற்றொன்று வேலை செய்யும். ஒருமுறை ஓர் ஆடியை 16 மணி நேரம் கை எடுக்காமல் தேய்த்தார். கரோலின்தான் பக்கத்தில் நின்று குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல் உணவை ஊட்டிவிட்டார்.

தொலைநோக்கி வைத்திருப்பது என்றால் என்ன என்று இந்த அண்ணன் தங்கையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வானத்தைப் பார்க்கும் நேரம் பாதி என்றால் கருவியைப் பார்த்துக்கொள்ளும் நேரம் மீதிப் பாதி. இன்றைக்கும் வீட்டு மாடியிலும் தோட்டத்திலும் தொலைநோக்கி வைத்திருப்பவர்களின் கதை அதுதான். லத்தி இடிப்பது மட்டும் இல்லை.

நமக்கு ஒரு வசதி. 1850-களில் கண்ணாடிமேல் வெள்ளிப் பூச்சும், 1930-களில் அலுமினியப் பூச்சும் வந்துவிட்டன. இப்போதைய ஆடி என்பது துல்லியமாகத் தேய்த்த தடித்த கண்ணாடி. காற்றில்லாத அறையில் வைத்து அதன்மேல் அலுமினிய ஆவியைப் படியவிடுவார்கள். அந்தப் பூச்சின் தடிமன் ஏறக்குறைய 100 நானோமீட்டர். உங்கள் தலைமுடி ஒன்று அதைப்போல் பல நூறு மடங்கு தடிமன்.

இதைத் தெரிந்துகொண்டால் புதிதாகத் தொலைநோக்கி வாங்கியவர்கள் செய்யும் முதல் காரியத்தை நீங்கள் செய்யமாட்டீர்கள். ஆடியில் தூசி தெரிகிறதே என்று கைக்குட்டையால் துடைப்பதைத்தான் சொல்கிறேன். தூசியில் பொடி மணலும் கலந்திருக்கும். கைக்குட்டையால் இழுத்தால் அந்த மென்பூச்சில் கீறல் கீறலாக விழும். தூசி மறைக்கிற ஒளியோ மிகமிகக் குறைவு. டார்ச் அடித்துப் பார்த்தால் எந்த ஆடியும் அசிங்கமாகத்தான் தெரியும். ஆகவே டார்ச் அடித்துப் பார்க்காதீர்கள்!

மெய்யாகவே அழுக்கு சேர்ந்துவிட்டால் அனுபவசாலிகள் ஆடியைக் கழற்றிக் குளிப்பாட்டுவார்கள். விரலில் மோதிரம் இருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடுவார்கள். தொட்டியில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஆடியை ஊறப்போட்டு, பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் ஒரு சொட்டு விடுவார்கள். பிறகு பஞ்சை நீரில் நனைத்து ஆடிமேல் இழுப்பார்கள், அழுத்தாமல். பஞ்சின் எடையே போதும். ஓர் இழுப்புக்கு ஒரு பஞ்சு; பயன்படுத்தியது குப்பைக்கு. கடைசியில் பேட்டரிக்கு ஊற்றுவோமே, அந்த டிஸ்டில்ட் வாட்டரால் அலசிச் சாய்த்து நிறுத்திவைத்தால் கறை படியாமல் காய்ந்துவிடும். இதைப் பெரியவர்கள் துணையோடு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்தால் போதும்.

அடிக்கடி செய்ய வேண்டியது வேறு. அதற்குக் கொலிமேஷன் என்று பெயர். ஆடிகளை ஒன்றுக்கொன்று நேர்ப்படுத்துவது. நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் குழாயின் அடியில் பெரிய குழியாடி, மேல் முனைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்த சின்னச் சமதள ஆடி. ஒளி கீழே போய், மேலே வந்து, பக்கவாட்டில் திரும்பி உங்கள் கண்ணுக்கு வரும். மாடிப்படியில் தூக்கிக்கொண்டு போகும்போது இரண்டில் ஒன்று இம்மியளவு அசைந்தாலும் போதும், சனியின் வளையம் குழம்பிப்போகும். நட்சத்திரத்துக்கு வால் முளைக்கும். நிறையப் பேர், ‘மட்டமான டெலஸ்கோப்பை வாங்கிவிட்டோம்’ என்று பரணில் போட்டுவிடுகிறார்கள். பாவம், அதற்குத் தேவை இரண்டு திருகுகளில் கால் சுற்று.

சரிபார்க்க ஒரு பழைய உபாயம். ஃபைலில் கோக்கும் தாள் கிழியாமலிருக்கத் துளையைச் சுற்றி ஒட்டுகிற வட்ட ஸ்டிக்கரைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒன்றைப் பெரிய ஆடியின் சரியான நடுவில் ஒட்டிவிடுகிறார்கள். அந்த இடம் எப்படியும் சின்ன ஆடியின் நிழலில்தான் இருக்கிறது, நட்டமில்லை. பிறகு கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸைக் கழற்றிவிட்டு, நடுவில் துளையிட்ட மூடியை அங்கே பொருத்தி, துளை வழியாகப் பார்க்க வேண்டும். ஆடிக்குள் ஆடி, அதற்குள் ஓர் ஆடி என்று வட்டங்கள் தெரியும். முதலில் சின்ன ஆடியின் திருகுகளைத் திருப்பி, ஸ்டிக்கர் வளையத்தைப் பார்வையின் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்து பெரிய ஆடியின் பின்னால் இருக்கும் மூன்று திருகுகள். நீங்கள் பார்க்கிற துளையின் பிம்பம் அந்த வளையத்துக்குள் போய் உட்கார்ந்தால் வேலை முடிந்தது. சின்ன ஆடியில் கை வைக்கும்போது குழாயைப் படுக்கவைத்துக்கொள்ளுங்கள். நிமிர்த்தி வைத்திருக்கும்போது திருப்புளி கை நழுவினால் நேராகப் பெரிய ஆடியின் தலையில்தான் விழும். திருப்புளியைக் கயிற்றால் மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறவர்களும் உண்டு.

இரவில் பரீட்சை. பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பார்வையின் நடுவில் வைத்து, ஃபோகஸைச் சற்றே கெடுங்கள். நட்சத்திரம் ஒரு வட்டமாக விரியும். நடுவில் கறுப்பாகச் சின்ன ஆடியின் நிழல் தெரியும். நிழல் நட்ட நடுவில் இருந்தால் நேர்ப்பாடு சரி.

எல்லாம் சரியாக இருந்தும் அந்த வட்டம் கொதிக்கிற தண்ணீர் மாதிரி தளதளக்கிறதா? குற்றவாளி சூடு. அறைக்குள் வெதுவெதுப்பாக இருந்த தடித்த கண்ணாடி, வெளியே வந்தவுடன் குளிர்ந்துவிடாது. அதிலிருந்து வெப்பக் காற்று குழாய்க்குள் எழும்பிக்கொண்டே இருக்கும். சித்திரை வெயிலில் தார்ச்சாலைக்கு மேலே தூரத்துப் பேருந்து நெளிவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே சங்கதி உங்கள் குழாய்க்குள் நடக்கிறது. பார்க்கத் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தொலைநோக்கியை வெளியே வைத்துவிடுவது பைசா செலவில்லாத வைத்தியம். கை வேலை தெரிந்தவர்கள் பழைய கம்ப்யூட்டரின் சின்ன மின்விசிறியை ஆடிக்குப் பின்னால் பொருத்துகிறார்கள், ரப்பர் பேண்டில் தொங்கவிட்டு. திருகால் முடுக்கினால் விசிறியின் அதிர்வு ஆடிக்கு ஏறிவிடும். இன்னொன்று: பகலெல்லாம் வெயில் குடித்த சிமெண்ட் மொட்டைமாடி நள்ளிரவு வரை சூட்டைக் கக்கும். புல்தரை கிடைத்தால் அங்கே போய்விடுங்கள்.

சூட்டுக்கு எதிர்ப்பக்கம் பனி. முன்னால் லென்சு வைத்த தொலைநோக்கிகளில் அந்தக் கண்ணாடி தெளிந்த வானத்தை நோக்கித் தன் வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். உடனே பனித்துளி படரும். கறுப்பு சார்ட் பேப்பரைச் சுருட்டிக் குழாயின் வாயில் மாட்டினால் பனி வெகுநேரம் தள்ளிப்போகும். ஐபீஸ்களுக்கு எதிரி பூஞ்சை. புதுச் செருப்புப் பெட்டிக்குள் கிடக்குமே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதை எறியாமல் ஐபீஸ் டப்பாவில் போட்டுவையுங்கள்.

அடுத்து ஆட்டம். இதில் ஜான் டாப்ஸனை மிஞ்ச ஆளில்லை. 1915-இல் பெய்ஜிங்கில் பிறந்த அமெரிக்கர். 1944-இல் சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் துறவியாகச் சேர்ந்தார். கையில் காசு கிடையாது, ஆனால் எல்லாருக்கும் நிலாவைக் காட்டியாக வேண்டும். கப்பல் ஜன்னலின் வட்டக் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார். கான்கிரீட் தூண் வார்க்கப் பயன்படும் அட்டைக் குழாயை உடம்பாக்கினார். ஒல்லிக் கால்கள் கொண்ட முக்காலியைத் தூக்கிப் போட்டுவிட்டு மரப்பெட்டியில் குழாயை உட்காரவைத்தார். பெட்டி சுழலும் இடங்களில் டெஃப்லான் துண்டுகள், அவற்றுக்கு எதிரே நம் தச்சர்கள் சன்மைக்கா என்று சொல்கிற வகைத் தகடு. தள்ளினால் வழுக்கும், விட்டால் அப்படியே நிற்கும். மடத்துக்கும் அவருக்கும் ஒத்துப்போகாமல் 1967-இல் வெளியேற்றப்பட்டார். அதன்பிறகு நடைபாதையிலேயே தொலைநோக்கியை வைத்துப் போகிறவர் வருகிறவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இந்த வடிவத்தை அவர் விற்கவும் இல்லை, காப்புரிமை வாங்கவும் இல்லை. இன்று உலகம் முழுக்க அதற்கு டாப்ஸோனியன் என்று பெயர். உங்களிடம் இருப்பது முக்காலிதான் என்றால் கால்களை முழுதாக நீட்டாதீர்கள். நடுவில் ஒரு மணல் பையைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஆட்டம் எவ்வளவு அடங்குகிறது பாருங்கள்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன். சூரியனைப் பார்ப்பதற்கென்றே செய்த வடிகட்டியைக் குழாயின் முன்வாயில் மாட்டாமல் சூரியன் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பவே கூடாது. ஒரு நொடியில் பார்வை போய்விடும். வடிகட்டியையும் ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஊசித்துளை இருந்தாலும் குப்பையில் போட்டுவிடுங்கள். குழாய்மேல் இருக்கும் குட்டித் தொலைநோக்கியையும் மூட மறக்காதீர்கள்.

சரி, இத்தனை பாடுபட்டு என்ன கிடைக்கும்? அர்ஜென்டினாவில் ரொசாரியோ என்ற நகரம். அங்கே விக்டர் பூசோ என்பவர் பூட்டு சாவி வேலை செய்கிறவர். வீட்டு மாடியில் 16 அங்குலத் தொலைநோக்கி வைத்திருந்தார். 2016 செப்டம்பர் 20 இரவு, புதிதாக மாட்டிய கேமரா ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்கத்தான் உட்கார்ந்தார். வேறு திட்டம் எதுவும் இல்லை. என்ஜிசி 613 என்ற விண்மீன் மண்டலத்தை நோக்கிக் குழாயைத் திருப்பி, சின்னச் சின்னப் படங்களாக எடுத்துத் தள்ளினார். முதலில் எடுத்த படங்களில் விசேஷம் எதுவுமில்லை. பிறகு எடுத்தவற்றில், மண்டலத்தின் ஓரமாக ஒரு புள்ளி. அடுத்தடுத்த படங்களில் அது பிரகாசமாகிக்கொண்டே போனது. கேமராவின் கோளாறா? புள்ளி இடம் மாறாமல் அங்கேயே வளர்ந்தது.

பல கோடி ஒளியாண்டு தூரத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்திருந்தது. வெடித்த நட்சத்திரங்களை வானியலாளர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் வெடித்து நாள் கணக்கான பிறகு. உள்ளேயிருந்து கிளம்பிய அதிர்ச்சி அலை மேற்பரப்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் அந்த முதல் ஒளியை, எப்போது எங்கே வரும் என்றே தெரியாததால், இப்படிப் படம்படமாகப் பிடிப்பது மிகமிக அரிது. பூசோ உடனே தகவல் கொடுக்க, பெரிய ஆய்வகங்கள் அந்தத் திசைக்குத் திரும்பின. 2018-இல் ‘நேச்சர்’ இதழில் இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்கள் பட்டியலில் பேராசிரியர்களின் பெயர்களோடு பூசோவின் பெயரும் இருக்கிறது.