எத்தனை வாக்குச்சீட்டுகளைச் சரிபார்த்தால் போதும்?

இயந்திரம் எண்ணிய தேர்தல் முடிவு சரிதானா என்பதை, எல்லா வாக்குகளையும் மறுபடி கையால் எண்ணாமலே உறுதிசெய்ய முடியும் என்று காட்டிய முறையே ‘இடர் வரம்புத் தணிக்கை’. இதை 2008ஆம் ஆண்டையொட்டி வகுத்தளித்தவர் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் ஃபிலிப் ஸ்டார்க். அறிவிக்கப்பட்ட வெற்றியாளர் உண்மையில் தோற்றவராக இருந்தும், தணிக்கை அதைக் கண்டுபிடிக்காமல் முடிந்துவிடுவதற்கான அதிகபட்ச வாய்ப்பே இடர் வரம்பு எனப்படுகிறது. அது 5 விழுக்காடு என்றால், தவறான முடிவு முழு எண்ணிக்கைக்குச் சென்று திருத்தப்படுவதற்குக் குறைந்தது 95 விழுக்காடு வாய்ப்பு உண்டு.

2017இல் மாநிலம் முழுவதும் இம்முறையை முதன்முதலாக நடைமுறைப்படுத்திய அமெரிக்காவின் கொலராடோவில், பத்து முகப் பகடைகள் பொதுமக்கள் முன்னிலையில் உருட்டப்பட்டு, வரிசையாக விழும் இருபது இலக்கங்களைக் கொண்டே எந்தப் பெட்டியின் எத்தனையாவது சீட்டை எடுப்பது என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. கட்சி சார்ந்த இரு தரப்பினரும் அடங்கிய குழு அந்தச் சீட்டை வெளியே எடுத்து, அதிலுள்ள குறியைத் தாமே படித்துப் பதிவுசெய்த பிறகு, அதே சீட்டுக்கு இயந்திரம் எழுதிவைத்த பதிவோடு அது ஒப்பிடப்படுகிறது.

எடுக்க வேண்டிய சீட்டுகளின் எண்ணிக்கையை முடிவுசெய்வது, பலரும் எண்ணுவதுபோல மொத்த வாக்குகள் அல்ல, வெற்றி வித்தியாசம்தான். வித்தியாசம் 10 விழுக்காடாகவும் இடர் வரம்பு 5 விழுக்காடாகவும் இருந்து, பிழை ஏதும் தென்படாவிட்டால், வாக்குகள் லட்சமானாலும் கோடியானாலும் ஏறத்தாழ 60 சீட்டுகளே போதும். வித்தியாசம் 1 விழுக்காடாகச் சுருங்கினால் சுமார் 600 தேவைப்படும். அந்நாட்டின் ஜார்ஜியா மாநிலத்தில் 2020 அதிபர் தேர்தல் வித்தியாசம் 0.3 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்ததாலும், அங்கு சீட்டுவாரியாக ஒப்பிடும் வசதி இல்லாததாலும், ஏறத்தாழ 50 லட்சம் வாக்குகளும் கையால் எண்ணப்பட்டன. முதல் எண்ணிக்கையில் விடுபட்டிருந்த 2,000க்கும் மேற்பட்ட சீட்டுகள் ஃபிளாய்ட் கவுண்டியில் அப்போதுதான் வெளிப்பட்டன, ஆயினும் வெற்றியாளர் மாறவில்லை.

இந்தியாவிலோ, 2019ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி, சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து வாக்குச்சாவடிகளில் வாக்குப்பதிவின்போது இயந்திரம் அச்சிடும் ஒப்புகைச் சீட்டுகள் எண்ணப்படுகின்றன. 2024 மக்களவைத் தேர்தலில் திருவள்ளூரில் வித்தியாசம் 5.72 லட்சம், விருதுநகரில் 4,379. ஆறு சட்டமன்றத் தொகுதிகள் கொண்ட இவ்விரண்டுக்கும் விதி ஒதுக்கியது அதே முப்பது வாக்குச்சாவடிகள்தான். முதலாவதில் தேவைக்கு மிஞ்சியதாகவும் இரண்டாவதில் போதாததாகவும் அமையக்கூடிய இந்த நிலையான எண்ணிக்கையை, வித்தியாசத்துக்கு ஏற்பக் கூடிக் குறையுமாறு மாற்றுவதற்குப் புதிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. விதியைத் திருத்தினாலே போதும்.