அறுபது நாளும் கழிவுக் கணக்கும்

மீன்பிடித் தடைக்காலம் எத்தனை நாள் என்று தூத்துக்குடி மாவட்டக் கடற்கரை ஊரான வேம்பாரில் சிறுபிள்ளையைக் கேட்டாலும் 61 என்று சொல்லும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. செஷன்ஸ் கோர்ட்டில் தண்டனை பெற்றவர் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய இருப்பது அதைவிட ஒரு நாள் குறைவு, 60 நாள். இந்த எண்ணும் அதே அளவுக்கு ஊரறிய வேண்டியது.

அந்த மேல்முறையீட்டில் முதல் கேள்வி, குற்றம் எந்தப் பிரிவில் வரும் என்பது. கொலைக்கும், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கும் உள்ள தூரத்தை நிமிடக் கணக்கில் அளந்த வழக்கு ஒன்று உண்டு. 1959 ஏப்ரல் 27, பம்பாய். கடற்படை கமாண்டர் நானாவதி பகல் 1.30 மணி வாக்கில் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். மனைவி மக்களைச் சினிமாக் கொட்டகையில் விட்டார். கப்பலுக்குப் போய் ரிவால்வரும் 6 தோட்டாவும் வாங்கினார். மனைவியோடு தொடர்பிலிருந்த பிரேம் அஹுஜா சுடப்பட்டபோது மணி 4.20. இடையில் 170 நிமிடம். திடீர் ஆத்திரத்தில் நடந்தது என்று ஏற்றிருந்தால் இந்திய தண்டனைச் சட்டத்தில் கொலைக்கான 302ஆம் பிரிவு 304 ஆகியிருக்கும். ஆயுள் கட்டாயமில்லை, 10 ஆண்டுக்குள்ளும் முடியலாம். ஆத்திரம் தணிய அந்த நேரம் போதும் என்றது உச்ச நீதிமன்றம்.

அதற்கு முன்பே ஜூரியில் 9 பேரில் 8 பேர் குற்றவாளி இல்லை என்று சொல்லியிருந்தார்கள். செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். கைகலப்பில் தவறிச் சுட்டதாகச் சொன்னால் அதை நிறுவும் பொறுப்பு யாருடையது என்று ஜூரிக்குச் சரியாக விளக்கவில்லை என்பது, தீர்ப்பு கவிழ்ந்ததற்கு ஒரு காரணம். 1961 நவம்பர் 24ல் ஆயுள் தண்டனை உறுதியானது. தீர்ப்பை எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த சுப்பாராவ்.

தமிழர் மறக்காத ஜூரி வழக்கு, நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிக்கிய லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. 1945 மே 3ல் ஆயுள் தண்டனை. பிரிவி கவுன்சில் வரை போய், 1947 ஏப்ரல் 25ல் விடுதலை. தண்டனை நாளிலிருந்து மட்டும் 722 நாள். அதற்கு முன் விசாரணைக் கைதியாகக் கழிந்த மாதங்கள் தனி. விடுதலையானவருக்கு அந்த நாட்களை எதில் கழிப்பது?

1974 ஏப்ரல் 1ல் அமலுக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரி இல்லை. அதே சட்டம்தான் 428ஆம் பிரிவில் ரிமாண்டு நாட்களைத் தண்டனையில் கழிக்கும் உரிமையைத் தந்தது. இப்போது அது புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 468. ஆயுள் கைதிக்கும் இது உண்டு என்று 1985ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஒரு கணக்குப் போடுவோம். கரையில் நடந்த சண்டையில் துடுப்பால் அடித்த அடியில் ஒருவர் இறக்கிறார். 304 பாகம் 2ன் கீழ் 7 ஆண்டு. ஜாமீனுக்கு முன் ரிமாண்டில் 14 மாதம். 84ல் 14 போக மீதி 70 மாதம். அபராதம் கட்டாததற்காகச் சிறை என்றால் அதில் இந்தக் கழிவு கிடையாது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது 5 ஆண்டு ஜாமீனில் இருந்தாலும் கழிவு பூஜ்யம். தோற்றால் அதே 70 மாதம் காத்திருக்கும். குடும்பங்களை நிலைகுலைய வைப்பது இதுதான் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் வளர்ந்து, கடன் அடைந்து வரும் நேரத்தில் மறுபடி பாளையங்கோட்டைச் சிறை.

அதே ஆள் மேல்முறையீட்டில் தன் குற்றம் 304ஏ, அதாவது கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று காட்டிவிட்டால் உச்ச தண்டனை 24 மாதம். மீதி 10 மாதம்தான். ஓங்கி அடித்த அடியை அப்படிக் காட்டுவது எளிதல்ல. துடுப்பை வீசும்போது தவறிப்பட்டது என்று சாட்சியத்தில் இருந்தால் வழியுண்டு. (2024 ஜூலை 1க்குப் பின் நடந்தவற்றுக்குப் புதிய தண்டனைச் சட்டத்தின் 106ஆம் பிரிவில் உச்சம் 5 ஆண்டு.) எந்தப் பிரிவு என்ற வாதமும் எத்தனை நாள் என்ற கழிவும் ஒரே கணக்கு. இரண்டையும் சேர்த்துப் போடாத வக்கீலிடம் இன்னொரு முறை கேளுங்கள். ஜூரிக்குச் சொன்ன விளக்கத்தில் தேடிய பிழையை இன்று நீதிபதி எழுதிய காரணங்களில் தேட வேண்டும்.

செலவு? தூத்துக்குடி மாவட்ட மேல்முறையீடுகள் 2004 ஜூலை 24 முதல் மதுரைக் கிளைக்குப் போகின்றன. வேம்பாரிலிருந்து அது நூறு கிலோமீட்டருக்கு மேல், ஆனாலும் சென்னை இல்லை. சிறையில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டு சட்டசேவை ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. சிறை அதிகாரியிடமே மேல்முறையீட்டு மனுவைக் கொடுக்கலாம். தீர்ப்பு நகலும் இலவசம்.

நகல் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். ரிமாண்டு நாட்கள் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எழுதியிருக்கிறதா என்று சரிபாருங்கள். இல்லாவிட்டால் 60 நாள் முடியும்வரை காத்திருக்காமல் சட்ட உதவி எண் 15100ஐ அழையுங்கள்.